குங்கிலியக் கட்டியில் ஒரு வேட்டைக்காரன்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் ஒரு பூசைச் சாமான் கடைக்கு, வெள்ளிக்கிழமைக்குக் குங்கிலியம் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் தகர டின்னிலிருந்து கட்டிகளை அள்ளித் தராசில் கொட்டினார். அவற்றில் ஒன்று வெல்லப்பாகு நிறம், கண்ணாடித் தெளிவு. உள்ளே கொசு மாதிரி ஒன்று, இறக்கை மடங்காமல் அப்படியே நின்றது. அதன் காலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி.

“அது பூச்சி விழுந்ததும்மா. குப்பை. வேற கட்டி போடுறேன்.”

“வேணாம்ணே, அதையே குடுங்க.”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தக் கட்டிக்குக் காசு வேண்டாம் என்று சொல்லி, தனிப் பொட்டலமாகக் கட்டித் தந்தார்.

பிசின் வியாபாரத்தில் அவர் சொன்னது நியாயம். தெளிந்த கட்டிக்குத்தான் விலை; பட்டை, மண், பூச்சி ஒட்டியதெல்லாம் கடைசித் தரம். ஆனால் பிசின் கெட்டித்துப் பல லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்து அம்பர் ஆகிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். அழுக்குக் கட்டிக்கு ஆள் தேடி வருவார்கள். அந்த அழுக்கிலும் எறும்பு, ஈ, சிலந்தி என்று பெரிய சாமான்களுக்கே முதல் மரியாதை. பக்கத்தில் தூசி மாதிரிக் கிடக்கும் புள்ளியை யாரும் சட்டை செய்வதில்லை. சில சமயம் அந்தப் புள்ளிதான் அந்தக் காட்டின் வேட்டைக்காரன்.

சிலந்திப்பேன் என்று தமிழில் வேளாண்மைக்காரர்கள் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. பெயரில் சிலந்தியும் உண்டு, பேனும் உண்டு. ஆள் இரண்டும் இல்லை. சிலந்திக்கும் தேளுக்கும் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நாயின் காது மடலில் தொங்கும் உண்ணி, மெத்தைத் தூசியில் இருந்துகொண்டு நம்மைத் தும்ம வைப்பது, கேமரன் மலைத் தோட்டங்களில் இலையை வெளிறடிக்கும் செம்பேன் எல்லாம் ஒரே கூட்டம். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. இலைச்சாறு குடிப்பவை, மட்கியதைத் தின்பவை, ஒட்டிக்கொண்டு வாழ்பவை, மற்ற உயிரைப் பிடித்துத் தின்பவை என்று பிழைப்பு மட்டும் பலவிதம். கடைசி வகையை இரைவிழுங்கி என்பார்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

நமக்குத் தெரிந்த இரைவிழுங்கி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து சிவப்பு வெல்வெட் பொத்தான் மாதிரி கிளம்பி ஊருமே, தம்பலப்பூச்சி, அதுதான். சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியதும் அதைத்தான். தோட்டத்தில் வேலை செய்ய இந்தக் கரைக்கு வந்த என் தாத்தா, ஊரைப் பற்றிச் சொன்ன கதைகளில் தீப்பெட்டிக்குள் தம்பலப்பூச்சி பிடித்து வைத்த கதையும் ஒன்று. அவ்வளவு சாதுவாக நடக்கும் அந்தப் பூச்சி வேட்டையாடிப் பிழைப்பது என்று சொன்னால் தாத்தா நம்பியிருக்க மாட்டார். அதன் கதை அதைவிடச் சிக்கலானது. பின்னால் வருகிறேன்.

பிசின் எப்படிக் கல்லாகிறது

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சித்த மருந்துக் கடையில் அம்பர் என்று கேட்டால் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வரும் வாசனைப் பொருளைச் சொல்வார்கள். நகைக்கடையில் அம்பர் என்றால் மரப்பிசின் கல். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அரபியில் திமிங்கிலப் பொருளுக்கு இருந்த சொல், ஐரோப்பா போய்ச் சேரும்போது கடற்கரையில் ஒதுங்கும் மஞ்சள் கல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. நாம் பேசுவது கல்லைப் பற்றி.

மரத்துக்குக் காயம் பட்டால் பிசின் கசியும். புண்ணை மூடவும், துளைக்கும் வண்டையும் பூஞ்சையையும் தடுக்கவும் மரம் செய்துகொள்ளும் வைத்தியம் அது. மலேசியக் காட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. மெரந்தி, கெருயிங், செங்கால் என்று நாம் மரக்கட்டைக் கடையில் கேள்விப்படும் பெயர்களில் பாதி, பிசின் சுரக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பிசினுக்கு மலாயில் டாமார். செங்கால் மரத்திலிருந்து வருவதை டாமார் பெனாக் என்று தனியாக மதிப்பார்கள். ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்கள் அதைப் பந்தம் கொளுத்தவும் படகின் இடுக்கை அடைக்கவும் வைத்துக்கொண்டார்கள். கெலுலுட் தேனீ கூடு கட்டவே இந்தப் பிசினைத்தான் சுமந்துபோகும். நம் குங்கிலியமும் இந்தக் குடும்பம்தான். சாம்பிராணி வேறு மரம், வேறு குடும்பம். வாசனை பிடிக்கிற மூக்குக்கு வித்தியாசம் தெரியும்.

வழியும் பிசினில் ஒட்டிக்கொண்ட பூச்சி மேல் அடுத்த கசிவு வந்து மூடும். அப்புறம் வாசனை தரும் லேசான பொருட்கள் மெல்ல ஆவியாகிப் போகும். மிச்சமிருக்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகும். கட்டி இறுகும். பாதி இறுகிய நிலையில் கிடைப்பதைக் கோபால் என்பார்கள். அது மண்ணுக்கடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் இன்னும் பல லட்சம் வருடம் கிடந்தால்தான் அம்பர். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கோபால் பிசுபிசுக்கும், நல்ல அம்பர் அசையாது. சந்தையில் வளையல் வாங்குபவர்களுக்கு இது உதவும். கெட்டி உப்புத் தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை பல பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொடுக்கும். கோபாலைப் பிடிக்காது, அதுவும் மிதக்கும்.

உள்ளே மாட்டிய உயிரின் மரபணுவை எடுத்து மறுபடி உருவாக்கலாம் என்ற பேச்சு 1990களில் பலமாக அடிபட்டது. அம்பரிலிருந்து மரபணு எடுத்ததாக வந்த அறிவிப்புகளை மற்ற ஆய்வகங்களில் திருப்பிச் செய்து காட்ட முடியவில்லை. 2013இல் கோபாலில் சிக்கிய தேனீக்களிலேயே தேடிப் பார்த்து ஒன்றும் தேறவில்லை. அம்பர் தருவது உருவம் மட்டும். ஆனால் அந்த உருவம் எப்பேர்ப்பட்டது! அரை மில்லிமீட்டர் உடம்பில் இருக்கும் ரோமம் எத்தனை, எந்த இடத்தில், என்ன நீளம் என்று எண்ணலாம். சிலந்திப்பேன் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ரோமம்தான் ரேகை. அதை வைத்தே குடும்பம் பிரிப்பார்கள்.

எவ்வளவு பழசு

நம் நாட்டுப் பத்திரிகைகள் மில்லியனில் எழுதும். எனக்குக் கோடியில் சொன்னால்தான் மனதில் நிற்கிறது.

சிலந்திப்பேன்களின் மிகப் பழைய தடயம் அம்பரில் இல்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்துக் கல்லில் இருக்கிறது. சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்நீர் ஊற்றுப் பக்கம் படிந்த சிலிக்காவில் அப்படியே கல்லானவை. 1923இல் அவற்றை விவரித்தார்கள். அந்தக் காலத்தில் நிலத்தில் மரம் என்று சொல்லத்தக்கது இன்னும் வரவில்லை. முழங்கால் உயரச் செடிகளுக்கடியில் இவை ஊர்ந்துகொண்டிருந்தன.

அம்பரில் கிடைத்த மிகப் பழையவை இத்தாலியின் டோலமைட் மலையிலிருந்து வந்தவை. வயது 23 கோடி ஆண்டு. அந்தத் தேடலை நினைத்தால் எனக்கு அரிசியில் கல் பொறுக்கும் பாட்டிதான் ஞாபகம் வருவாள். சில மில்லிமீட்டர் அளவுள்ள பிசின் துளிகள் சுமார் 70,000 இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். கிடைத்தது மூன்றே உயிர்: ஒரு ஈ, இரண்டு சிலந்திப்பேன். 2012இல் அந்த இரண்டுக்கும் டிரயாசகாரஸ் ஃபெடெலெய், அம்பெசோவா டிரயாசிகா என்று பெயர் வைத்தார்கள். நீளம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. எட்டுக்கால் கூட்டத்தில் பிறந்தும் இவற்றுக்கு நாலே கால்.

ஆனால் இவை வேட்டைக்காரர்கள் இல்லை. செடியின் சாறு குடித்துக் கட்டி வரவைக்கும் வகை. இன்று தேங்காய்க் குரும்பையைச் சொரசொரப்பாக்கிக் கெடுக்கும் ஈரியோபைட் சிலந்திப்பேனின் ஆதி உறவு. இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் 97 சதவீதம் பூக்கும் தாவரங்களில் வாழ்கிறது. அந்த இரண்டோ, பூக்கும் தாவரங்கள் உலகில் பரவுவதற்குப் பல கோடி வருடம் முன்பே ஊசியிலை மரத்தில் இதே தொழிலைச் செய்துகொண்டிருந்தன. இரை இவ்வளவு பழசு என்றால், தின்பவனும் பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும் என்று மனசு சொல்லும். மனசு சொல்வது சாட்சியாகாது.

சாட்சி அதிகம் கிடைப்பது மியன்மார் அம்பரில். கச்சின் மாநிலத்தின் ஹுகாங் பள்ளத்தாக்கில் தோண்டுவது. அங்கே பாறையில் இருந்த சிர்கான் என்ற கனிம மணிகளை வைத்து 2012இல் கணக்கிட்ட வயது சுமார் 9.9 கோடி ஆண்டு. அந்த அம்பரில் இருந்த ஒரு சிலந்திப்பேனை 1917இலேயே காக்கெரல் என்ற அறிஞர் செய்லெட்டஸ் குடும்பத்தில் சேர்த்துப் பெயரிட்டார். செய்லெட்டஸ் என்றால் தானியக் கிடங்குக்காரர்களுக்குத் தெரியும். பழைய அரிசி மூட்டைக்குள் மற்ற சிலந்திப்பேன்களை மறைந்திருந்து பிடித்துத் தின்னும், நண்டுக் கை மாதிரி முன்னுறுப்பு கொண்ட பேர்வழி. கனடா அம்பரில் 1937இல் ப்டெல்லிடே என்ற நீள்மூக்குக் குடும்பத்தின் வேட்டைக்காரன் ஒன்று பதிவானது. இன்றைய நீள்மூக்கிகளில் சில, இரையைப் பட்டு நூலால் தரையோடு கட்டிப்போட்டுவிட்டுத் தின்னும். ஐரோப்பாவின் பால்டிக் அம்பர் இவற்றைவிட இளையது, 4.4 முதல் 4.9 கோடி ஆண்டு. அதிலிருந்து 2000இல் விவரித்த ஒன்று பாராசிட்டிடே குடும்பம். பெயரைப் பார்த்தால் ஒட்டுண்ணி என்று தோன்றும். உண்மையில் மண்ணில் ஓடி ஓடி வேட்டையாடும் கூட்டம். பெயர் வைத்தவர் அவசரப்பட்டுவிட்டார்.

தின்றதை யார் பார்த்தது?

இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு வந்தது. 10 கோடி வருடம் முன் செத்துப்போன, அரிசி மணியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள உயிரைப் பார்த்து ‘இது வேட்டையாடியது’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? வாயில் இரை இல்லை. வயிற்றைத் திறக்கவும் முடியாது.

முதல் சாட்சி வாய். சிலந்திப்பேனின் வாய் முன்னால் ஒரு ஜோடி உறுப்பு இருக்கும். இலைச்சாறு குடிப்பவற்றுக்கு அது ஊசி. மட்கியதைத் தின்பவற்றுக்குத் தடித்த கொறடு. வேட்டைக்காரனுக்குப் பெரும்பாலும் கூரான பல் வைத்த மெல்லிய இடுக்கி. அதற்குப் பக்கத்தில் இருக்கும் உணர்கை, பிடிக்கும் கையாக மாறி, நுனியில் நகமும் எதிரே கட்டைவிரல் மாதிரி ஒரு முளையும் வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இரண்டாவது சாட்சி கால். மெசோஸ்டிக்மேட்டா என்ற பெரிய பிரிவில் கண் கிடையாது. முன்னங்கால் இரண்டையும் நடக்க வைக்காமல் தூக்கிப் பிடித்து, குருடர் கைத்தடி மாதிரி தடவிக்கொண்டே போகும். இன்று உலகம் முழுக்கப் பசுமைக்குடில்களில் செம்பேனை ஒழிக்கக் குப்பியில் அடைத்து விற்கும் ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் இந்தப் பிரிவுதான். 1958இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு போய் மாட்டியது. கண் இல்லாமலே, செம்பேன் கடித்த இலை விடும் வாசனையைப் பிடித்து இரை இருக்கும் செடியைக் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது சாட்சி உறவுக்காரர்கள். இன்று உயிரோடு இருக்கும் அதே குடும்பம் முழுவதும் வேட்டையாடினால், அம்பருக்குள் இருக்கும் தாத்தாவும் அப்படித்தான் என்று ஊகிப்பது. நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். பிள்ளைகள் எல்லாம் வாத்தியார் என்பதால் தாத்தாவும் வாத்தியார் என்று சொல்லிவிட முடியாதே.

நாலாவதாக, ஒரே கட்டிக்குள் யார் யாரோடு இருக்கிறார்கள் என்பது. செய்தித் தலைப்புகள் விழுவது இந்தக் குழியில்தான். ஒரே பிசின் துளியில் வேட்டைக்காரனும் ஒரு குட்டிப் பூச்சியும் பக்கத்தில் கிடந்தால் ‘கொலை நடந்த கணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிசின் என்ன செய்கிறது? முந்தாநாள் விழுந்ததையும் இன்று விழுந்ததையும் ஒன்றாக மூடுகிறது. ஒரே பஸ்ஸில் இருந்த இருவரும் சொந்தக்காரர் ஆகிவிடுவார்களா?

உடம்போடு உடம்பு ஒட்டியிருந்தால்கூட முடிவு சொல்ல முடியாது. பால்டிக் அம்பரில் ஒரு எறும்பின் தலையை இறுகப் பிடித்தபடி ஒரு சிலந்திப்பேன் கிடைத்தது. 2014இல் வெளியான ஆய்வு. எறும்பு அந்த அம்பரிலேயே அதிகமாகக் கிடைக்கும் இனம். சிலந்திப்பேன் மிர்மோசெர்கான் வகை, மெசோஸ்டிக்மேட்டா பிரிவு. இன்றும் இந்த வகை எறும்புப் புற்றுகளில் எறும்போடு எறும்பாக வாழ்கிறது. தலையில் ஒட்டியிருந்தது எறும்பின் ரத்தத்துக்கா, சும்மா சவாரிக்கா? ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்ற பக்கம் ஆய்வாளர்கள் சாய்ந்தார்கள், அடித்துச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. சவாரிக்கு நல்ல உதாரணம் 2011இல் வந்தது: பால்டிக் அம்பரில் ஒரு சிலந்தியின் மேல், 0.176 மில்லிமீட்டர் நீளமுள்ள சிலந்திப்பேன். கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் சரியாகப் பிடிபடாததை எக்ஸ்ரே ஸ்கேனில் வைத்து முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். வாயே வேலை செய்யாத பருவம் அது. இடம் மாற ஒரு வாகனம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சரி, தம்பலப்பூச்சிக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் குஞ்சு ஒரு பிழைப்பு, வளர்ந்தது வேறு பிழைப்பு. ஆறு காலோடு பிறக்கும் குஞ்சு, ஈ, வெட்டுக்கிளி மாதிரி பெரிய பூச்சியின் மேல் ஒட்டிச் சாறு உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் கழன்று விழுந்து, உருமாறி, எட்டுக்காலோடு எழுந்து வேட்டைக்குக் கிளம்பும். அதனால் அம்பரில் ஒரு வேடிக்கை நடக்கிறது. குஞ்சுகள் ஈயின் கழுத்திலும் தொடையிலும் ஒட்டியபடியே, கையும் களவுமாக மாட்டிக்கொள்கின்றன. வளர்ந்த வேட்டைக்காரர்கள் தனியாகக் கிடக்கிறார்கள், வெறுங்கையோடு. ஒட்டுண்ணிக் காலத்துக்கு நேரடிச் சாட்சி, வேட்டைக் காலத்துக்கு வாயமைப்பை வைத்து வாதம். இரண்டும் ஒரே உயிர். மியன்மார் அம்பரில் இந்தப் பெரிய கூட்டத்தின் ராட்சச உறுப்பினர் ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் ரோமம் என்பதால் திரைப்படப் பாத்திரம் செவ்பாக்காவின் பெயரைச் சேர்த்து இம்மென்ஸ்மாரிஸ் செவ்பாக்கை என்று 2018இல் பெயரிட்டார்கள். அதுவும் தனியாகத்தான் கிடந்தது.

உண்ணிகளுக்கு அதிர்ஷ்டம் அதிகம். அதே 9.9 கோடி ஆண்டு அம்பரில், டைனோசர் கூட்டத்தின் சிறகு ஒன்றில் கால் சிக்கியபடி ஒரு உண்ணி கிடைத்து, யாருடைய ரத்தம் குடித்தது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தந்துவிட்டது. ரத்தம் குடிப்பவன் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருப்பான். வேட்டைக்காரன் பிடித்து, உறிஞ்சி, தோலைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பிசின் துளி விழும் அந்த நொடியில் வாயில் இரையோடு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு குறைவு

இன்றைய காட்டு மண்ணை ஒரு கைப்பிடி அள்ளினால் மெசோஸ்டிக்மேட்டா வேட்டைக்காரர்கள் தாராளமாக ஓடும். அம்பரிலோ அந்தப் பிரிவு மிக அரிது. எனக்குத் தோன்றும் காரணம் இரண்டு. ஒன்று, பிசின் வழிவது பட்டையில். இவை வாழ்வது இலைச்சருகுக்கடியில். தரையில் சொட்டிய பிசின்தான் அவற்றைப் பிடிக்கும், அந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் மண்ணும் மட்கலும் கலந்து கலங்கியிருக்கும். இரண்டாவது காரணம் மனிதர்கள். தோண்டுபவரும் விற்பவரும் தெளிந்த கட்டியில் பெரிய பூச்சி இருந்தால்தான் எடுத்து வைப்பார்கள். கலங்கிய கட்டி லெபோ பாசார் அண்ணன் கையில் மாட்டிய மாதிரிதான். அதையும் தாண்டி ஆய்வகம் வந்துவிட்டால், புள்ளிக்கு மிக அருகில் வரும் வரை கட்டியைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் தேய்த்தால் 10 கோடி வருடம் காத்திருந்த கால் போய்விடும். இந்த வேலைக்கு உலகத்தில் ஆள் மிகக் குறைவு.

மியன்மார் அம்பருக்கு வேறொரு பாரமும் உண்டு. சுரங்கப் பகுதியில் சண்டை நடக்கிறது. 2017இல் ராணுவம் அதைக் கைப்பற்றியது. விற்கும் கல்லின் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியால், முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கம் 2020இல், புதிதாக வரும் மியன்மார் அம்பரை வைத்துக் கட்டுரை வெளியிடுவதை நிறுத்தி வைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டது. எல்லாரும் கேட்கவில்லை. நிறுத்தி வைத்தவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். சிலந்திப்பேன் இன்னும் கொஞ்சம் காத்திருக்கும்.

வேறு இடமே இல்லையா என்றால் இருக்கிறது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர் கிடைக்கிறது. 2010இல் வெளியான முதல் பெரிய ஆய்விலேயே 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகள். அந்தப் பிசினின் வேதியியல் மெரந்தி, செங்கால், குங்கிலிய மரக் குடும்பத்தைக் காட்டுகிறது. சரவாக்கில் மெரிட் பிலா நிலக்கரிப் படுகையில் அதே குடும்பத்தின் பிசின் மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்திலிருந்து, ஒரு ஆளால் தூக்க முடியாத கட்டிகளாகவே கிடைத்திருக்கிறது. நம் நாட்டு அம்பர், நம் காட்டு மரங்களின் முப்பாட்டன் பிசின். குஜராத்திலும் சரவாக்கிலும் கலங்கிய கட்டிகளை ஒதுக்காமல் பார்க்க ஆள் வேண்டும்.

என் கட்டியையும் நான் விடவில்லை. சீனிப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி அதில் முக்கிப் பார்த்தேன். பிசினுக்குள் ஒளி வளைவதும் பாகில் வளைவதும் கிட்டத்தட்ட ஒன்று. மேல்பரப்புக் கீறல் எல்லாம் மறைந்து உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் தம்பி மகள் தன் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தாள். கொசு மாதிரி இருந்தது கொசு இல்லை, கடி ஈ. அப்புறம் அந்தக் கரும்புள்ளி.

“அத்தே, கால் எட்டு இருக்கணும், இல்ல?”

“எட்டு இல்லன்னா ஆறு. அதுவும் இல்லன்னா நாலு.”

அவள் வில்லையைத் திருகித் திருகிப் பார்த்தாள். ஒரு கால்கூட இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக, உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. கரித்தூள்.

கடைக்கார அண்ணன் சொன்னது சரிதான்.